இங்கே உங்கள் சொந்த அனுபவம்

பாத்திரம் கழுவும் மெஷின் கம்பெனியிலிருந்து போனில் பேசிய மேலாளர் அம்மாள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"அந்த இஸ்திரிப் பெட்டி விளம்பரத்துல ஒரு வீட்டுக்காரர் வந்தாரே சார், அவரு இதுலயும் வரணும். எங்க ஆபீஸ்ல லேடீஸ் எல்லாருக்கும் அவரப் பத்தித்தான் பேச்சு. மொதல்ல ஒரு விளம்பரம் போட்டுப் பாப்போம். நல்லா வந்துச்சுன்னா ஒரு வருஷத்துக்கு உங்க பன்னெண்டு நிகழ்ச்சியிலயும் நாங்கதான்."

போனைக் காதில் வைத்தபடியே விளம்பரக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வீட்டுக்காரர் வேறு யாருமில்லை, சாட்சாத் அவரேதான். சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. ஆனால் விளம்பரத்தைப் பேசுகிறவள் தன் மனைவி என்று தெரிந்தால், வீட்டு ஆளை வைத்தே ஒப்பேற்றுகிறார் என்று கம்பெனியில் நினைத்துவிட்டால் என்ன செய்வது? "ஏற்பாடு பண்ணிடலாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அப்புறம் ஐந்து நிமிஷம் சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போனில் பாட்காஸ்ட் என்கிற பேச்சு நிகழ்ச்சிகளைக் கேட்கிறவர்களுக்குத் தெரியும். பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, பேசுகிறவரே அதே குரலில், "போன மாசம் எங்க வீட்டுல ஒரு மெத்தை வாங்கினோம்" என்று ஆரம்பிப்பார். கேட்கிறவர் சுதாரிப்பதற்குள் மெத்தையின் பெயர், தள்ளுபடிக்கான கோட் வார்த்தை எல்லாம் காதுக்குள் போயிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தைத் தயார் செய்து தருவதுதான் இவர் வேலை. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, இரண்டு ஊழியர்கள், பன்னிரண்டு நிகழ்ச்சிகள். கம்பெனி அவ்வளவுதான்.

'எழுதித் தருகிறவர்' என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "நான் விளம்பரம் எழுதுறதில்ல, விஷயத்த மட்டும்தான் எழுதுறேன். மிச்சத்த அவங்க பேசணும்" என்பார். அதற்கென்று ஒரு தாள் வைத்திருந்தார். மேலே, கட்டாயம் சொல்ல வேண்டியவை மூன்று. கீழே, சொல்லவே கூடாதவை இரண்டு. அடியில் கோட், அதை இரண்டு தடவை சொல்ல வேண்டும், இரண்டாவது தடவை நிதானமாக. நடுவில் பெரிய கட்டம். கட்டத்துக்குள் ஒன்றும் இருக்காது. மேலே மட்டும் 'இங்கே உங்கள் சொந்த அனுபவம்' என்று அச்சடித்திருக்கும்.

அந்தக் காலிக் கட்டத்தில்தான் அவர் பிழைப்பு ஓடியது. பொருளைத் தொகுப்பாளர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டு மூன்று வாரம் காத்திருப்பார். அவர்கள் அதைப் பயன்படுத்தி, திட்டி, பழகி, அப்புறம் வாயில் வந்ததைச் சொல்வார்கள். அதில் ஒரு உயிர் இருக்கும். ஒரு செருப்புக் கம்பெனிக்காரர் கட்டத்தை அவரே நிரப்பி, 'என் கால்கள் மேகத்தில் மிதக்கின்றன' என்று எழுதி அனுப்பியிருந்தார். இவர் திருப்பி அனுப்பிவிட்டார். "அடுத்தவன் கால் எங்க மிதக்குதுன்னு இவருக்கு எப்படித் தெரியும்?" என்று அன்று முழுக்க ஆபீஸில் ஒரே கச்சேரி.

பன்னிரண்டு தொகுப்பாளர்களில் பதினோரு பேருக்கு இந்தக் காலிக் கட்டம்தான் போனது. பன்னிரண்டாவது ஆள் அவர் மனைவி. அவளுக்கு மட்டும் கட்டத்தை இவரே நிரப்பிக் கொடுத்தார்.

மனைவிக்கு வேலை கண் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில், வரவேற்பு மேசையில். காலையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை வருகிறவர்களையெல்லாம் "கொஞ்சம் உட்காருங்க" என்று சொல்லி உட்கார வைப்பாள். உட்கார்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா? கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு பார்வை மங்கிய நேரத்தில் மனதில் இருப்பதெல்லாம் வெளியே வரும். மருமகள் பேசுவதில்லை, தம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான், கூட வேலை செய்கிறவன் காட்டிக் கொடுத்துவிட்டான். அவள் கேட்டுக்கொண்டே சீட்டு எழுதுவாள். கடைசியில் ஒரு வார்த்தை சொல்வாள், அது சரியாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் விளம்பரக்காரர் அவளை மைக் முன்னால் உட்கார வைத்தார். நிகழ்ச்சியின் பெயரே 'கொஞ்சம் உட்காருங்க'. நேயர்கள் வீட்டுச் சண்டையை எழுதி அனுப்புவார்கள், இவள் பேசித் தீர்ப்பாள். யார் பக்கமும் சாய மாட்டாள், முகதாட்சண்யத்துக்காகப் பொய் சொல்ல மாட்டாள். வாரத்துக்கு நாற்பதாயிரம் பேர் கேட்டார்கள்.

புதன்கிழமைகளில் வீட்டிலேயே ஒலிப்பதிவு. துணி அலமாரி இருக்கும் சின்ன அறையில் கம்பளியைத் தொங்கவிட்டு மைக்கை வைத்திருந்தார்கள். கிளினிக்கிலிருந்து வந்து, அவசரமாகச் சாப்பிட்டு, மூன்றரை மணிக்கு அவள் உள்ளே போய்விடுவாள். இதில் கட்டத்தை நிரப்ப அவளுக்கு ஏது நேரம்? எட்டு மாதம் முன்னால், தண்ணீர் சுத்தம் செய்யும் கருவிக்கான முதல் விளம்பரத்தின்போது, இவரே நிரப்பி நீட்டினார். ஒரே வீட்டில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறோம், இவளுக்கு என்ன அனுபவம் என்று எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். அவள் வாங்கிப் பார்த்தாள், உள்ளே போய் வாசித்தாள்.

அந்த விளம்பரத்தில்தான் வீட்டுக்காரர் பிறந்தார். காலையில் எழுந்ததும் மனைவிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தருவார். சும்மா ஒரு வரிதான். ஆனால் அந்த வாரம் கருவி கேட்டு வந்த அழைப்புகளில் கம்பெனிக்காரர்கள் திக்குமுக்காடிப் போனார்கள். அப்புறம் விடுவாரா? அடுத்த விளம்பரத்தில் வீட்டுக்காரர் தரை துடைத்தார். அதற்கடுத்ததில் சோபாவைத் தூசி தட்டினார். இஸ்திரிப் பெட்டி வந்தபோது, தன் சட்டையோடு மனைவியின் துணியையும் தேய்த்து மாட்டி வைத்தார். நிஜத்தில் இவருக்கு எந்தப் பக்கம் திருகினால் இஸ்திரிப் பெட்டியின் சூடு குறையும் என்றுகூடத் தெரியாது.

புகழ் என்றால் சும்மாவா? மருந்துக் கடைக்காரர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "நீங்கதானே சார் அந்த வீட்டுக்காரர்?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமியார் போன் செய்து, "மாப்பிள்ள, உங்கள நான் என்னவோன்னு நெனச்சிருந்தேன்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். மனைவியின் அக்கா வீட்டுக்காரருக்குத்தான் இது பிடிக்கவில்லை.

"சகல, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நிறுத்துங்க. ஒவ்வொரு வாரமும் நீங்க ஏதாவது பண்ணித் தொலைக்கிறீங்க, இங்க எனக்கு அர்ச்சன நடக்குது" என்று புலம்பினார்.

விளம்பரக்காரருக்கு வாயெல்லாம் பல். சகலைக்கு ஆறுதல் சொல்லும்போதுகூட, ஏதோ இவர் நிஜமாகவே தரை துடைத்துக் களைத்துப்போன மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். இதுதான் அவரிடம் உள்ள கோளாறு. எழுதி எழுதி, அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார்.

கம்பெனியிலிருந்து போன் வந்த சில நாளில் மெஷின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆட்கள் வந்து சமையலறையில் குழாய் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். விளம்பரக்காரர் கையேட்டின் முதல் பக்கத்தைப் படித்தார், கதவைத் திறந்து பார்த்தார், மூடினார். அதோடு சரி. ஸ்கிரிப்டை இரண்டு வாரம் செதுக்கினார். 'சாப்பிட்டு முடித்ததும் எங்க வீட்டுக்காரர் என்னை எழுந்திருக்கவே விட மாட்டார். தட்டுகளை அவரே அடுக்கி, பொத்தானை அழுத்திவிட்டு, "நீ உட்காரு" என்பார்.' அந்த "நீ உட்காரு" வந்த இடத்தில் அவருக்கே புல்லரித்தது. நிகழ்ச்சியின் பெயரோடு என்ன பொருத்தம்! ஐம்பத்தெட்டு விநாடி. ஒரு சொல் கூடுதலில்லை, ஒரு சொல் குறைவில்லை.

மெஷின் வந்த மூன்றாவது வாரம், புதன்கிழமை மூன்று மணிக்கு இரண்டு தாளைப் பிரிண்டருக்கு அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனார். ஒன்று மனைவிக்கு. இன்னொன்று, வருஷ ஒப்பந்தம் கிடைத்தால் அதே மெஷினைப் பற்றி அடுத்துப் பேசப்போகிற, சினிமா நிகழ்ச்சி நடத்தும் ஒருவருக்கு. கரகரத்த குரல் என்பதால் ஆபீஸில் அவருக்குப் பெயரே கரகரப்பு. மறுநாள் அவரை நேரில் பார்த்துக் கொடுப்பதற்காக அந்தத் தாள். எப்போதும் மனைவியின் தாளை இவரே எடுத்து மைக் பக்கத்தில் வைப்பார். அன்று குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தது, தாமதமாகிவிட்டது. தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தால், மனைவி பிரிண்டர் பக்கத்தில் இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது என்னங்க, ஒண்ணு காலியா இருக்கு?"

"அது கரகரப்புக்கு. உன்னோடது இன்னொண்ணு."

"அவருக்கு மட்டும் ஏன் காலி? எழுதி முடிக்கலையா?"

"இல்லம்மா, அதுல அவர் வீட்டு அனுபவத்த அவரே சொல்லுவார். எல்லாருக்கும் அப்படித்தான்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. துவட்டிய கை அப்படியே நின்றது.

"எல்லாருக்குமா?" என்றாள் அவள்.

"உனக்கு நேரமில்லையேன்னு..."

"எட்டு மாசமா நான் நெனச்சுட்டிருந்தேன், உங்க தொழில்ல எல்லாருக்கும் இப்படி எழுதித்தான் குடுப்பாங்க, நாம வாசிக்கணும் போலன்னு. அதான் நான் வாயத் தொறக்கல." அவள் குரல் உயரவில்லை. கிளினிக்கில் டாக்டர் வரத் தாமதமாகும் என்று சொல்கிற அதே குரல். "பதினோரு பேர்கிட்ட அவங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு நீங்க கேட்டிருக்கீங்க."

"உன்ன நான் கேக்க வேண்டியதே இல்லியே. நானும் இங்கதான இருக்கேன்?"

அவள் காலித் தாளை மேலே வைத்து, எழுதிய தாளைக் கீழே வைத்து, ஓரம் தட்டிச் சரிசெய்துகொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

விளம்பரக்காரர் முன்னறையில் உட்கார்ந்தார். கம்பளியைத் தாண்டிச் சத்தம் வராது. கோபித்துக்கொண்டிருக்கிறாள், சாயங்காலம் சரியாகிவிடும் என்று நினைத்தார். பிறகு, கோபமாக இருந்தால் வாசிப்பில் தெரியுமே, ஐந்து மணிக்குக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமே என்று நினைத்தார். இரண்டாவதாக நினைத்ததுதான் அவரை அதிகம் உறுத்தியது என்று சொன்னால் அவருக்கு அவமானம்தான், ஆனால் உண்மை அதுதான்.

நாலு மணி தாண்டிக் கதவு திறந்தது.

"நேயர் கடிதம் எல்லாம் முடிச்சுட்டேன். விளம்பரம் ரெண்டு தடவ பேசியிருக்கேன். ஒண்ணு நீங்க எழுதினது, அப்படியே. இன்னொண்ணு அந்தக் காலித் தாளுக்கு." கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "எது போகணும்னு நீங்களே பாத்துக்கோங்க. தையக்காரர்கிட்ட துணி தச்சு ரெடியாம், வாங்கிட்டு வந்துடறேன்."

"இரு, சேந்து கேக்கலாம்."

"எனக்கு என்னன்னு தெரியும். நீங்க கேளுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலில் தன்னுடையதைக் கேட்டார். ஒரு பிசிறில்லை. ஐம்பத்தெட்டு விநாடி. கோட் இரண்டு தடவை, இரண்டாவது நிதானமாக. கோபத்தின் சாயலே இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஆனால் ஏதோ இடித்தது. மறுபடியும் போட்டார். "எங்க வீட்டுக்காரர் என்னை எழுந்திருக்கவே விட மாட்டார்" என்ற இடத்தில் நிறுத்தினார்.

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். 'டாக்டர் நாலு மணிக்கு வருவார், செருப்பை வெளியே விடவும்' என்று சொல்கிற குரல். யாரோ எழுதி ஒட்டியதை யாருக்கோ படித்துக் காட்டுகிற குரல்.

பழைய கோப்புகளைத் திறந்தார். இஸ்திரிப் பெட்டி. அதே குரல். தரை துடைப்பான். அதே. தண்ணீர்க் கருவியிலிருந்து எட்டு மாதமும் அதே குரல்தான். தொகுப்பாளர் ஒரு இடத்தில் மூச்சை மாற்றினால்கூடக் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிற மனிதர் அவர். கரகரப்புக்குச் சளி பிடித்திருந்ததை அவர் மனைவிக்குத் தெரியும் முன்பே இவர் கண்டுபிடித்தார். சொந்த மனைவி பேசியபோது மட்டும் இவர் காதில் விழுந்தது இவர் எழுதியதுதான்.

அடுத்ததைப் போட்டார்.

"மூணு வாரமா எங்க வீட்டுல ஒரு பாத்திரம் கழுவுற மெஷின் இருக்கு. இந்த விளம்பரத்துக்காக அவங்க குடுத்தது, நான் காசு குடுத்து வாங்கல, அத மொதல்லயே சொல்லிடறேன். நல்லாக் கழுவுது. அடிப்பிடிச்ச சட்டிய மட்டும் கொஞ்சம் ஊற வெச்சுட்டுப் போடணும். எங்க வீட்டுல பாத்திரம் அடுக்குறது நான்தான். இதுக்கு முன்னாடி என் வீட்டுக்காரர் அதப் பண்றார், இதப் பண்றார்னு நான் சொன்னதெல்லாம் எழுதிக் குடுத்து வாசிச்சது. அதுக்கு என்ன மன்னிச்சுக்குங்க. இது வாசிக்கிறது இல்ல.

"அடுக்க அஞ்சு நிமிஷம் ஆகுது. முன்னாடி முக்கா மணி நேரம் நின்னு தேய்ப்பேன். அப்போ நாப்பது நிமிஷம் மிச்சம் இல்லியா? அத என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. மொத நாள் கையத் தொடச்சுட்டு முன்னறைக்கு வந்து அவர் பக்கத்துல உக்காந்தேன். அவர் ஏதோ வேலையா இருந்தார். தலையத் தூக்கி, 'என்ன, ஏதாவது வேணுமா?'ன்னார். ஒண்ணும் இல்லன்னேன். மறுநாளும் போய் உக்காந்தேன். 'என்னம்மா, ஏதாவது வேணுமா?'ன்னார். சிடுசிடுன்னு கேக்கல, அன்பாத்தான் கேட்டார். பத்தொம்பது வருஷத்துல அந்த நேரத்துக்கு நான் அங்க வந்து உக்காந்ததே இல்ல. அவர்தான் என்ன பண்ணுவார், ஏதோ கேக்கத்தான் வந்திருக்கேன்னு நெனச்சுட்டார். எனக்கும் சும்மாதான் வந்தேன்னு சொல்ல வாய் வரல. மூணாவது நாள் நான் போகல. சமையக்கட்டுலயே ஸ்டூலப் போட்டுக்கிட்டு, மெஷின் ஓடுறதப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். இப்போ தெனமும் அங்கதான் உக்காருறேன்.

"மெஷின் நேரத்தத்தான் மிச்சம் பண்ணித் தரும். அத வெச்சு என்ன பண்றதுன்னு, வாங்குறதுக்கு முன்னாடியே வீட்டுல பேசி வெச்சுக்குங்க. கோட், 'உட்காருங்க'. பத்து சதவீதம் கொறையும். மறுபடியும் சொல்றேன். உட்காருங்க."

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. ஒலிப்பதிவு முடிந்து வெறும் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு நாளும் நினைவுக்கு வந்தன. முதல் நாள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று மறந்துவிட்டது. இரண்டாம் நாள் நன்றாக நினைவிருந்தது. மடிக்கணினியில் இந்த மெஷின் விளம்பரத்தைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்து "நீ உட்காரு" என்று சொல்ல வேண்டுமா, "நீ உட்காரும்மா" என்று சொல்ல வேண்டுமா, எது இன்னும் பாசமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். தொந்தரவாக இருந்தது. ஏதாவது வேணுமா என்று கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியாக வேலையைத் தொடர்ந்தார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. முதலில் அந்த வெட்கம் முழுக்க மருந்துக் கடைக்காரரையும் மாமியாரையும் பற்றியதாகத்தான் இருந்தது. சகலை விழுந்து விழுந்து சிரிப்பார். நாற்பதாயிரம் பேர் காதில் விழும். தெருவில் எந்த முகத்தோடு நடப்பது? அதெல்லாம் நினைத்து முடித்த பிறகுதான், சமையலறையில் மூன்று வாரமாக ஒரு ஸ்டூல் கிடப்பதை நினைத்தார். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அதைக் காலால் நகர்த்திவிட்டுத்தான் போயிருக்கிறார். அது ஏன் அங்கே கிடக்கிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. 

மணி நாலரை. என்னதான் வெட்கப்பட்டாலும் தொழில் புத்தி போகுமா? வெட்டிப் பார்த்தார். "மொத நாள் கையத் தொடச்சுட்டு" என்பதிலிருந்து "அங்கதான் உக்காருறேன்" வரைக்கும் எடுத்துவிட்டால் நேரமும் சரியாக வந்தது. மன்னிப்புக் கேட்ட வரிகளையும் எடுத்தார். ஒட்டி ஓட விட்டார். மெஷின் நல்லாக் கழுவுது, அடுக்க அஞ்சு நிமிஷம், நாப்பது நிமிஷம் மிச்சம், கோட் இதுதான். எந்தக் கம்பெனியும் ஏற்றுக்கொள்ளும். ஆபீஸில் ஊழியர் யாராவது இப்படி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால், 'இதுல ஆள் எங்கய்யா?' என்று கேட்டுத் தூக்கிப் போட்டிருப்பார்.

இன்னொரு வழியும் இருந்தது. ஐம்பத்தெட்டு விநாடி, பிசிறில்லாதது, பக்கத்திலேயே தயாராக இருந்தது. கம்பெனி கேட்ட வீட்டுக்காரர் அதில் இருக்கிறார். அதை அனுப்பினால் வருஷம் முழுக்க வேலை உறுதி. அவளும் ஒன்றும் கேட்க மாட்டாள். அடுத்த புதன்கிழமை வழக்கம்போல உள்ளே போய், கொடுத்ததை அந்தக் கிளினிக் குரலில் வாசித்துவிட்டு வருவாள். கேட்க மாட்டாள் என்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் அவர் பயந்தது அன்றைக்குத்தான்.

வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினார். ஒரு மூச்சைக்கூட எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் நாற்பத்தாறு விநாடி வந்தது. ஒப்பந்தப்படி நேரம் அதிகம்தான், போகட்டும் என்று விட்டார். கோப்போடு கம்பெனிகள் கேட்கும் ஒரு உறுதிமொழிப் படிவமும் உண்டு. 'இதில் சொல்லப்படும் அனுபவம் உண்மையானது.' எட்டு மாதமாகக் கண்ணை மூடிக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டு வந்தவர், அன்று முதல் தடவையாக அந்த வரியைப் படித்தார். கையெழுத்துப் போட்டார். நாலு ஐம்பதுக்கு அனுப்பினார்.

ஐந்தேகாலுக்குப் போன் வந்தது. மேலாளர் அம்மாள்தான்.

"சார், கேட்டேன்" என்றார். "நாங்க கேட்டது இது இல்லியே."

"தெரியுங்க."

"அந்த வீட்டுக்காரர் வேணும்னு சொன்னேன். இந்தம்மா அதெல்லாம் பொய்னே சொல்லிட்டாங்க."

"பொய்தாங்க அது. நான் எழுதிக் குடுத்தது. இனிமே எழுத மாட்டேன். உங்களுக்கு இது வேண்டாம்னா சொல்லிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

மறுபக்கத்தில் யாரோ கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டார்.

"வருஷ ஒப்பந்தத்துக்கு நான் மேல கேக்கணும், அவங்க என்ன சொல்லுவாங்கன்னு தெரியாது. ஆனா இந்த ஒண்ணு போகட்டும் சார். இத நான் நாலு தடவ கேட்டுட்டேன். அடுத்த சீட்டுல இருக்கிற பொண்ணு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுச்சு." அப்புறம், வேலைப் பேச்சு முடிந்தது என்று தோன்றும் குரலில் கேட்டார்: "இது நெஜமா நடந்ததுதானே? படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நெஜந்தாங்க."

"பாவம் அந்தம்மா. அந்த மனுஷன் இதக் கேட்டாரா?"

"கேட்டார்."

"கேட்டுட்டு என்ன சொன்னாராம்?"

விளம்பரக்காரர் வாசல் பக்கம் பார்த்தார். செருப்பு வைக்கும் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க" என்றார். "அவ தையக்காரர் கடைக்குப் போயிருக்கா. வந்தாத்தான் சொல்லணும்."